புல் இருந்த மேடு

எதிர்மலையில் இருந்த இரண்டு பேரும் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். வெட்டிய புல்லை வாரி ஓரமாகத் தள்ளினார்கள். ஒருவர் போத்தலைத் திறந்து கல்லறை மேட்டைச் சுற்றி ஊற்றினார், பிறகு இருவரும் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினார்கள். நான் இந்தப் பக்கத்து மலையில் ஒரு பைன் மரத்தடியில், வேலையை முடித்தவனின் நிம்மதியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று ஓய்வெடுக்கிறார்கள், இனித்தான் சுரண்டத் தொடங்குவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சுரண்டவில்லை. பாயை உதறிச் சுருட்டினார்கள், மெஷினைத் தோளில் மாட்டினார்கள், பேசிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மேட்டில் புல் அப்படியே இருந்தது. குட்டையாக, ஒரே அளவாக, புதிதாக முடி வெட்டிய தலைபோலப் பச்சையாக இருந்தது. அப்போதுதான் அதற்கு அப்பால் இருந்த மேட்டைப் பார்த்தேன். அதுவும் பச்சை. அதற்குக் கீழே இரண்டு, வலது பக்கம் மூன்று, தூரத்தில் ஆற்றுக்கு மேலே ஒன்று, எல்லாம் பச்சை. பிறகு என் கண் தானாகத் திரும்பி எனக்கு முன்னால் இருந்த மேட்டுக்கு வந்தது. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் சிவப்பாக இருந்தது அது ஒன்றுதான். மூன்று மணி நேரம் உழைத்து, ஒரு வேர் விடாமல் சுரண்டி, கையால் தடவி வழவழப்பாக்கி, நான்தான் அதை அப்படிச் செய்திருந்தேன்.

அது என் முதலாளியம்மாவின் கணவருடைய கல்லறை. முதலாளியை அங்கே சாஜங்நிம் என்று கூப்பிட வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். அவர் பெயர் யுன் மல்சுன், வயது அறுபத்திரண்டு. கொரியாவின் தென்கிழக்கில், மஞ்சள் முலாம்பழத்துக்குப் பேர்போன ஊரில், அவருடைய பிளாஸ்டிக் கூடாரங்களில் எனக்கு வேலை. சுசொக் என்ற அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் கல்லறைகளின் புல்லை வெட்டுவது அவர்கள் வழக்கம். முந்திய இரண்டு வருடமும் அவருடைய மகன் கிஹோ தேகு நகரத்திலிருந்து வந்து வெட்டிவிட்டுப் போனார். இந்த வருடம் கிஹோவுக்கு முதுகெலும்பு விலகிப் படுக்கை. காலையில் சாஜங்நிம் என்னிடம் மெஷினையும், ஹோமி என்கிற வளைந்த கைக்கொத்தையும் தந்து, “மாரு, நீ போ. நல்லா வெட்டு. சுத்தமா இருக்கணும். மத்தியானம் சோறு எடுத்துக்கிட்டு வர்றேன்” என்றார். மருதமுத்து என்ற என் பெயரில் அவர் நாக்குக்கு வந்தது அவ்வளவுதான். மத்தியானம் வருவார். இப்போது மணி பத்தரை. என் மூன்று வருடம் டிசம்பர் பதினோராம் திகதியோடு முடிகிறது. சாஜங்நிம் ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் இன்னும் ஒரு வருடமும் பத்து மாதமும் இருக்கலாம். கொடுக்காவிட்டால் விமானம் ஏற வேண்டும். அந்தத் தாள் இரண்டு வாரமாகக் குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தில் ஒட்டிக் கிடக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். அவரும் பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கூடாரங்களைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி மகன் ஃபோனில் சத்தம் போடுவது எனக்கே கேட்டிருக்கிறது. இந்த நிலையில் நான் அவருடைய கணவரின் மேட்டைத் தோலுரித்து வைத்திருக்கிறேன்.

யாரும் சொல்லித்தரவில்லையா என்றால், யாரும் சொல்லவில்லைதான், ஆனால் நானும் கேட்கவில்லை. மூன்று வருடமாக அந்த மலைகளில் பச்சை மேடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு பரிதாபம் வளர்ந்திருந்தது. இவ்வளவு வசதியான தேசம், இவ்வளவு ரோடு, ஆனால் செத்தவர்களைக் கவனிக்க ஆளில்லை, புல் மண்டிக் கிடக்கிறார்களே என்று. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே, புல் முளைத்த குழி என்றால் அதற்கு உரியவர்கள் லயத்து வீட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். என் மனைவி கமலாவதியை அங்கேதான் புதைத்தோம், தேயிலை முடிகிற இடத்தில், வாய்க்கால் ஓரமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் சுரண்டியை எடுத்துக்கொண்டு போவேன். மழை அடிக்கிற மலை அது, ஒரு வாரம் விட்டால் பச்சை ஏறிவிடும். குந்தி உட்கார்ந்து, தேயிலைக்கு அடியில் சுரண்டுவதுபோல, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் சுரண்டிக்கொண்டே வருவேன். பேச்சு ஒன்றும் இருக்காது. சுரண்டி மண்ணில் உரசுகிற சத்தம்தான் எங்கள் இருவருக்கும் நடக்கிற பேச்சு. முடித்ததும் ஈரக்கையால் தடவிவிடுவேன். செம்மண் பளபளவென்று இருக்கும். தூரத்தில் போகிறவர்கள்கூட, அங்கே படுத்திருப்பவளுக்கு ஆள் இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். இன்றைக்குக் காலையில் இங்கே செய்ததும் அதேதான். செத்த மனிதரின் தலைமேல் மெஷினை ஓட்டக்கூடாது என்று சுற்றுப்புறத்துக்கு மட்டும் மெஷினைப் பாவித்து, மேட்டுக்கு ஹோமியை எடுத்தேன். கை தானாகப் போயிற்று. இரண்டாவது மணி நேரத்தில் நான் கொரியாவிலேயே இல்லை. வாய்க்கால் தண்ணீர் எனக்குக் கேட்டது. பொத். திரும்பிப் பார்த்தேன். பின்னால் கஷ்கொட்டை மரத்திலிருந்து ஒரு காய் முள்ளோடு விழுந்திருக்கிறது. சாஜங்நிம்மின் காலடி என்று நினைத்துவிட்டேன். மணி பத்து நாற்பது.

இந்தத் தேசத்தில் நான் எதைத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். முதல் வருடத்து இலையுதிர்காலத்தில் ரோட்டோரத்து மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியபோது இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தால் முதலில் ஒரு மரம், பிறகு ஒரு வரிசை, பிறகு மலை முழுவதும் என்று பரவுமே, அப்படித்தான் இதுவும் தினம் ஒரு மரமாகப் பரவியது. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் சாஜங்நிம்மிடம் ஓடிப்போய், தெரிந்த பத்து வார்த்தையில், மரத்துக்கு நோய், ஆஃபீஸுக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் வெளியே வந்து ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ஆஃபீஸுக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் அந்த மரங்கள் எல்லாம் ஒரே காற்றில் கொட்டின. அப்படி ஒரு மஞ்சளை நான் கண்டதில்லை. தரை மரத்தைவிட வெளிச்சமாக இருந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். பிறந்ததிலிருந்து ஒரே பச்சையைப் பார்த்து வளர்ந்தவன் நான், தை மாதமும் அந்தப் பச்சை, ஆடி மாதமும் அந்தப் பச்சை, கமலாவதி செத்த அன்றைக்கும் வெளியே அதே பச்சைதான். அன்று எனக்கு அந்தத் தேயிலை மேல் கோபம் வந்தது. ஒரு இலைகூட விழவில்லையே என்று. இங்கே ஒரு மலை முழுக்க இலையை உதிர்க்கிறது, யாரும் அழவில்லை, பிள்ளைகள் அதில் படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் முன்னால், நான் வந்து இறங்கிய டிசம்பரில், பனி. முதல் பனி விழுந்த காலையில் எனக்குக் காது போய்விட்டது என்று பயந்து கையைத் தட்டிப் பார்த்தேன். அவ்வளவு அமைதி. கூடாரத்துக்குள் மட்டும் முலாம்பழக் கொடிக்காக வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். ஜனவரியில் வெளியே மீசை உறையும், பிளாஸ்டிக் கதவைத் தள்ளி உள்ளே போனால் கண்டி வெயில், ஈரமண் வாசனை. ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு மாதமும் அந்தப் பக்கம் வேறொரு மாதமுமாக நான் ஒரு நாளைக்கு இருபது தடவை போய்வந்தேன். நான் வந்தபோது இலையில்லாமல் நின்ற மரங்கள் எல்லாம் செத்த விறகு என்றே மார்ச் வரைக்கும் நம்பியிருந்தேன். மார்ச் கடைசியில், தபால் நிலையத்துச் சுவர் ஓரத்து விறகு ஒன்றில் ஒரு இலைகூட இல்லாமல் வெள்ளைப்பூ விரிந்தது. கிண்ணம் அளவுப் பூ. இலை வரவில்லை, மழை வரவில்லை, பூ முதலில் வந்துவிட்டது. அதன் கீழே நின்று நான் என்ன நினைத்தேன் என்று யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. திரும்பி வருவது என்று ஒன்று இருக்கிறது போல என்று நினைத்தேன். அவ்வளவுதான். பிறகு தபாலை ஒட்டாமல் போட்டுவிட்டு வந்தேன்.

பொத். இன்னொரு காய். மணி பதினொன்று ஐந்து. எழுந்தேன். சுரண்டிப் போட்ட புல் ஒரு குவியலாகக் கிடந்தது. அதில் மண்ணோடு வந்த பத்தைகளைப் பொறுக்கி மேட்டில் வைத்துப் பார்த்தேன். தலையில் ஒன்று, பக்கத்தில் இரண்டு. நான் தடவி வழவழப்பாக்கியிருந்த சரிவில் அவை நிற்கவில்லை, ஒவ்வொன்றாக வழுக்கிக் காலடிக்கு வந்தன. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருப்பது. கையை எடுத்தால் விழுகிறது. பிடித்துக்கொண்டு நிற்கும் போதே எனக்கு என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஒரு பெரிய மனிதரின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பவன்போல இருந்தேன். மேட்டில் ஒரு வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்து, தின்ன ஒன்றும் இல்லாமல், தாவிப்போனது. பத்தைகளைத் திரும்பக் குவியலில் போட்டேன். திருட்டை மறைத்ததுபோல ஆகிவிடும். இருக்கிறபடியே இருக்கட்டும். கீழே இறங்கிப் போய் வழியில் அவரைப் பார்த்துச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். என்ன வார்த்தையில் சொல்வது. எனக்குத் தெரிந்த கொரிய மொழி முழுக்க முலாம்பழத்தைப் பற்றியது. பழுத்தது, பழுக்காதது, பூச்சி, பெட்டி, அவசரம். கல்லறைக்கு வேண்டிய வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. அக்கா போன வாரம் ஃபோனில் கேட்டாள், “ஏன்டா தம்பி, டிசம்பர்ல வந்துருவியா, இல்ல இன்னும் இருப்பியா? தர்ஷினி லீவுக்கு வர்றப்பல்லாம் கேக்குது.” தெரியாது அக்கா என்றேன். “தெரியாதுன்னா அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?” மகள் தர்ஷினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஹட்டனில் விடுதியில் இருந்து படித்தாள். நான் இருந்தால்தான் அது நடக்கும். அது ஒரு காரணம், எல்லாரிடமும் சொல்கிற காரணம். சொல்லாத காரணம், அந்த வெள்ளைப்பூவை இன்னும் ஒரு தடவையாவது பார்க்காமல் போக எனக்கு மனமில்லை. நாற்பது வயதுக்காரன், பிள்ளையைப் பிரிந்து இருக்கிறவன், இப்படி ஒரு ஆசையை வைத்திருப்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது. ஒவ்வொரு பருவமும் முடியும்போது, இது மறுபடி வருமா, அப்போது நான் இங்கே இருப்பேனா என்று நெஞ்சு கேட்கும். ஜூலையில் இரவு பகலாக மழை கொட்டும்போதும் கேட்டது, சில்வண்டுகள் ஆகஸ்ட் முழுக்கக் காதைத் துளைத்துவிட்டு ஒரு நாள் காலையில் ஒன்றுகூட இல்லாமல் போனபோதும் கேட்டது. கோடையின் மிகச் சூடான நாளில் சாஜங்நிம் கொதிக்கக் கொதிக்கக் கோழிக் கஞ்சி வைத்து என் முன்னால் தள்ளுவார். நெற்றியிலிருந்து வியர்வை கஞ்சிக்குள்ளேயே சொட்டும். “குடி, குடி. வெயிலுக்குப் பயந்தா வெயில் ஏறி உக்காந்துக்கும்” என்பார். அந்த வீட்டில் நான் அதிகமாகக் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான். பொத். நான் திரும்பவில்லை. கஷ்கொட்டைதான் என்று இருந்தேன். பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

அவர் சாப்பாட்டுக் கூடையைத் தரையில் வைத்திருந்தார். வெயில் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றார். நான் திரும்பி இடுப்பு வளைய வணங்கினேன், நிமிரவில்லை. அவருடைய பூப்போட்ட காற்சட்டையும் ரப்பர் செருப்பும் என்னைத் தாண்டிப் போவது மட்டும் தெரிந்தது. மேட்டை ஒரு முறை மெதுவாகச் சுற்றி வந்தார். குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தார்.

“புல் எங்க?”

குவியலைக் காட்டினேன்.

“வேரோடவா?”

“வேரோட.”

“எல்லாமா?”

“எல்லாம், சாஜங்நிம். ஒண்ணு விடல.”

அவர் அப்படியே மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். தாளும் விமானமும் அந்த நேரம் மறந்தேபோனது, ஒரு பெண்ணைப் புருஷனின் குழிக்கு முன்னால் அழவைத்துவிட்டேன் என்பதுதான் இருந்தது. அவர் திரும்பினார். கண் நனைந்திருந்தது, ஆனால் வாய் வேறு விதமாக இருந்தது.

“நாப்பது வயசுலயே முடி எல்லாம் கொட்டிப்போச்சு இந்த மனுஷனுக்கு. கல்யாண வீட்டுலகூடத் தொப்பியைக் கழட்ட மாட்டார். படுத்து எட்டு வருஷம் தலை நிறையப் பச்சையா வச்சிருந்தார். இன்னைக்கு ஊரே பாக்குற மாதிரி மொட்டை போட்டு உக்கார வச்சிட்டே.” பிறகு மேட்டுக்கு வலது பக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் ஒரு ஆள் நீளத்துக்குப் புல் இல்லை. “இது யாருக்கு?”

“அதுவும் புல்லா இருந்துச்சு…”

“அது என் இடம். எனக்கும் பாய் விரிச்சிட்டியா? அவ்வளவு அவசரமா உனக்கு?”

நான் மறுபடி வணங்கினேன். பிறகு, எங்கிருந்து வந்ததோ, சொல்லத் தொடங்கினேன். முலாம்பழத்து வார்த்தைகளை வைத்துக்கொண்டே சொன்னேன். எங்கள் ஊரில் குழியில் புல் இருந்தால் அந்த ஆளுக்கு யாரும் இல்லை என்று அர்த்தம். என் மனைவிக்கு நான் இப்படித்தான் செய்வேன். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆள் இருக்கிறது என்று தெரியட்டும் என்று செய்தேன். மனைவி இறந்துவிட்டாள் என்பது மட்டும்தான் அவருக்கு அதுவரை தெரியும். அவர் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“இப்ப யாரு சுரண்டுறா?”

“அக்கா. லீவுக்கு வந்தா மகளும் கூடப் போவா.”

“மழைக்கு மண்ணு கரையாதா?”

“கரையும். திரும்ப அணைச்சுவிடுவோம்.”

“அடிக்கடியா?”

“வாரா வாரம்.”

“ஓ” என்றார். விரலால் மண்ணை நெருடிக்கொண்டிருந்தார். “நாங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றோம். மத்த நாளெல்லாம் புல்லுதான் பிடிச்சு வச்சுக்கணும்.” அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. எதிர்மலையில் வரிசையாக இருந்த பச்சை மேடுகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பனியிலும் மழையிலும் ஒவ்வொரு மேட்டையும் அந்தப் புல் வேரால் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதை அன்றுதான் பார்த்தேன். இவ்வளவு காலமும் ஆளில்லை என்று நான் நினைத்த இடத்தில் எல்லாம் ஆள் இருந்திருக்கிறது.

கூடையில் இருந்த போத்தலைத் திறந்து அரிசிக் கள்ளை மேட்டைச் சுற்றி ஊற்றினார். வெறும் மண் அதை உடனே குடித்தது. கூடையிலிருந்து சோற்று உருண்டைகளை எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கே புல் பத்தை வாங்கி வந்து பதித்துவிடுகிறேன் என்றேன்.

“இப்பப் பதிச்சா வேர் போறதுக்குள்ள தரை உறைஞ்சு தூக்கிப் போட்டுடும். அதோட, மண்ணைத் தொடவும் கூடாது. ஹன்ஷிக்னு ஒரு நாள் இருக்கு, அன்னைக்குத்தான் மேட்டைத் தொடலாம், புல் பதிக்கலாம், என்ன வேணா செய்யலாம். படுத்திருக்கிறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.”

“நான் தொட்டுட்டேனே.”

“உன்னைத் திட்ட அவருக்கு உங்க பாஷை தெரியாது.”

“ஹன்ஷிக் எப்ப வரும்?”

“ஏப்ரல்ல. அஞ்சாந்தேதிப் பக்கம்.”

“யாரு பதிப்பாங்க?”

“சுரண்டினவன்தான். வேற யாரு?”

சோறு என் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மனம் விரல் விட்டது. டிசம்பரில் வந்து எப்போதும்போல நின்றது. “சாஜங்நிம்,” என்றேன், “டிசம்பர் பதினொண்ணு…”

“அன்னைக்கு என்ன?”

“என் தாள்.”

அவர் முள்ளங்கித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். கடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். “திங்கக்கிழமை டவுனுக்குப் போறேன். பாஸ்போர்ட்டை எடுத்து வை.”

“கிஹோ அண்ணன் என்ன சொல்வாரோ.”

“அவன் முதுகை வச்சுக்கிட்டு இந்த மலை ஏற மாட்டான். மலை ஏறாதவனுக்கு இதுல என்ன பேச்சு. சாப்பிடு, காயுது.”

சாப்பிட்டேன். எள் எண்ணெய் வாசனை மட்டும் நினைவிருக்கிறது. ஏப்ரல் என்ற சொல்லை அதற்கு முன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், காலண்டரில் ஒரு தாள் அது, முலாம்பழம் லாரியில் ஏறுகிற மாதம். அன்று அந்த மலையில் உட்கார்ந்திருந்தபோது ஏப்ரல் எனக்கு ஒரு இடம்போலத் தெரிந்தது. பனிக்கு அந்தப் பக்கம், இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு, நான் நடந்து வந்து சேரும் வரைக்கும் அசையாமல் இருக்கும் இடம். இப்போது அறுபதை நெருங்குகிறேன், எங்கள் மலையின் மாறாத பச்சைக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், ஆனாலும் ஏப்ரல் பிறந்தால் கை புல்லைத் தேடுகிறது.

தென்மேற்கில் மேகம் கட்டியிருந்தது. புயல் மழை ஒன்று வருவதாக ரேடியோவில் சொல்லியிருந்தார்களாம். அதனால் சாயங்காலத்துக்கு முன்பே கூடாரத்திலிருந்து போர்வைகளை எடுத்து வந்தோம். குளிர்கால இரவுகளில் முலாம்பழக் கொடிகளுக்குப் போர்த்துகிற தடித்த கம்பளிப் போர்வைகள் அவை. மூன்று போர்வைகளைச் சுருட்டித் தோளில் வைத்து நான் ஏறினேன், கயிறும் முளைகளும் அவர் கையில். மேட்டுக்கு இந்தப் பக்கம் நான் பிடித்தேன், அந்தப் பக்கம் அவர் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து விரித்து இறக்கினோம். நான் முளை அடிக்கக் குனிந்தபோது அவர் தடுத்தார்.

“பொறு, தலைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழு,” என்றார். “அங்கதான் அவருக்குக் குளிரும்.”